கடனுக்குக் கூடியவர்கள் தொழிலுக்கும் கூடட்டும்: சிறுதொழில் நடத்தும் பெண்களின் துணை, ஊக்கம், ஆலோசனை பற்றி ஓர் ஆய்வு

2013-14இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்களுக்குச் சொந்தமான தொழில்கள் ஏறத்தாழ 80 லட்சம். நாட்டின் மொத்தத் தொழில்களில் இது 13.76 விழுக்காடு. மாநிலவாரியாகப் பார்த்தால் தமிழ்நாட்டுக்குத்தான் முதலிடம். அந்த 80 லட்சத்தில் 13.51 விழுக்காடு இங்கே இருந்தன. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அதே கணக்கெடுப்பில் கவலை தரும் எண் ஒன்றும் உண்டு. பெண்கள் நடத்தும் தொழில்களில் 83 விழுக்காட்டில் கூலிக்கு அமர்த்திய ஆள் ஒருவர்கூட இல்லை. முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை, விற்பனையாளர் எல்லாம் அந்த ஒரே பெண்தான்.

ஆள் வைத்து நடத்தும் தொழிலில் பேச்சுத் துணைக்காவது ஒருவர் இருப்பார். தனியாக நடத்துபவருக்கு அதுவும் இல்லை. மாவு அரைத்து விற்பவர், தையல் எந்திரம் ஒன்றை வைத்து ரவிக்கை தைப்பவர், தட்டை முறுக்கு சுட்டுக் கடைக்குப் போடுபவர் ஆகியோருக்குச் சரக்கு தேங்கினால், கடைக்காரர் பாக்கி வைத்தால், விலையை ஏற்றலாமா என்று குழப்பம் வந்தால் யாரைக் கேட்பது? வீட்டில் கேட்டால், ‘இதெல்லாம் உனக்கெதுக்கு, விட்டுவிடேன்’ என்ற பதில் வரக்கூடும். வங்கியில் கேட்டால் படிவம் நீட்டுவார்கள்.

அரசும் வங்கிகளும் தொண்டு நிறுவனங்களும் கடந்த முப்பது ஆண்டுகளாக இந்தப் பெண்களுக்குக் கடன் கிடைக்க வழி செய்திருக்கின்றன. கடனுக்கு அப்பால் அவர்களுக்குத் தேவைப்படுபவை மூன்று: கூட நிற்கும் துணை, முடியும் என்று காட்டும் ஊக்கம், தொழில் தெரிந்தவரின் ஆலோசனை. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஆதரவு’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இவை மூன்றும் வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வருபவை. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று தானாக வந்துவிடாது. வரலாறும் ஆய்வு முடிவுகளும் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கூடிய கைகளின் வரலாறு

1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மாடியில் அமர்ந்து அப்பளம் இட்டார்கள். அதுதான் இன்று நாடறிந்த லிஜ்ஜத் அப்பளம். மாவை ஓரிடத்தில் பிசைந்து கொடுப்பார்கள். பெண்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் இட்டுக் காயவைத்துத் திருப்பித் தருவார்கள். தரம் பார்ப்பதும் உறுப்பினர்களே, லாபத்தில் பங்கு பெறுவதும் உறுப்பினர்களே. அப்பளம் இடும் கை தனித்தனி வீடுகளில் இருந்தாலும், கொள்முதலும் விலையும் விற்பனையும் பொதுவில் இருந்தன. தனியாக இருந்தால் எந்தப் பெண்ணும் சமாளிக்க முடியாத பகுதிகள் இவைதான்.

1972இல் அகமதாபாத்தில் இளா பட் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தலைச்சுமை தூக்குபவர்கள், காய்கறி விற்பவர்கள், பழந்துணி வியாபாரிகள் அதில் உறுப்பினர்கள். முதலாளி என்று ஒருவர் இல்லாதபோது தொழிற்சங்கம் எதற்கு என்று தொழிலாளர் துறை முதலில் பதிவு செய்ய மறுத்தது. ஒருவரை எதிர்த்து நிற்பதற்காக மட்டும் சங்கம் இல்லை, ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கும்தான் என்பது இளா பட் வைத்த வாதம். இரண்டே ஆண்டுகளில், 1974இல், 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வழியில் முன்னோடி ஜெயா அருணாசலம். 1978இல் சென்னையில் அவர் உருவாக்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, குடிசைப் பகுதிகளில் பூ, பழம், மீன், இட்லி விற்ற பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தது. கந்துவட்டிக்கு வாங்கிக் காலையில் முதல் போட்டு, மாலையில் வட்டியோடு திருப்பிக் கட்டி வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். குழுவில் ஒருவருக்கு ஒருவர் ஜாமீன் நின்றதால் வங்கிக் கதவு திறந்தது.

பின்னர் 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் வந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனை முயற்சியில் இறங்கியது. 1997-98இல் மகளிர் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. மதுரை வட்டாரத்தில் தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கம் வேரூன்றியதும் 1990களில்தான். இன்று தமிழ்நாட்டில் குழு இல்லாத தெரு அரிது.

குழுக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்?

ஒரு குழுக் கூட்டத்தை அருகிலிருந்து பார்த்தால் அதன் பலமும் எல்லையும் ஒருசேரப் புரியும். யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் அல்லது கோயில் மண்டபத்தில் பாய் விரித்து வட்டமாக உட்காருகிறார்கள். குழுவை நடத்தும் ஊக்குநர் தீர்மான நோட்டைத் திறக்கிறார். வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். சந்தா வசூலாகிறது. உள்கடன் யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று பேசி முடிவாகிறது. வங்கித் தவணை எண்ணிக் கட்டப்படுகிறது. ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்ல, இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவதாகச் சொல்கிறார். கூட்டம் முடிந்து கலைகிறார்கள்.

இந்த வட்டம் எளிதில் கிடைத்துவிடவில்லை. கையெழுத்துப் போடக் கற்றது இங்கேதான். வங்கி மேலாளர் எதிரே உட்கார்ந்து பேசத் துணிந்தது இதன் பலத்தில்தான். மதுரை அருகே புல்லுசேரியின் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை, களஞ்சியக் குழுக்களை வழிநடத்தி ஸ்த்ரீ சக்தி விருது பெற்றபோது, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. எழுத்தறியாத ஒரு பெண்ணுக்கு நாட்டைத் தலைவணங்க வைத்தது இந்தக் குழு வாழ்க்கைதான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசப்படாத ஒன்று உண்டு. கடன் வாங்கியவர் அந்தப் பணத்தை வைத்து என்ன தொழில் செய்தார், லாபம் வந்ததா, வராவிட்டால் ஏன் என்பது தீர்மான நோட்டில் ஏறுவதில்லை. தவணை வந்துவிட்டால் தொழில் நன்றாக நடக்கிறது என்று கொள்ளப்படுகிறது. தவணையோ, கணவர் கூலியிலிருந்தும் வரலாம், நகையை அடகு வைத்தும் வரலாம், இன்னொரு கடனிலிருந்தும் வரலாம். தனியார் நுண்கடன் நிறுவனங்கள் பெருகிய பிறகு, பல இடங்களில் குழு என்பதே வசூல் நாளன்று மட்டும் கூடும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. கட்ட முடியாதவர் வீட்டு வாசலில் சக உறுப்பினர்களையே உட்கார வைக்கும் கொடுமையும் நடந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. துணையாக இருக்க வேண்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணை வசூலாளாக மாற்றுவதைவிட, கூடி வாழும் உணர்வுக்குச் செய்யும் பெரிய துரோகம் வேறில்லை.

பணம் மட்டும் போதுமா?

இலங்கையின் தென்மேற்குக் கரையில், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில், 2005 முதல் பொருளியலாளர்கள் மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த சிறுதொழில்காரர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் மதிப்பில் பணமாகவோ பொருளாகவோ கொடுத்தார்கள். திருப்பித் தர வேண்டியதில்லை. ஆண்களின் தொழிலில் லாபம் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாகப் பார்த்தால் கூடவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று இதைப் படித்தவர்களும் உண்டு.

இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை மீண்டும் அலசி 2019இல் வெளிவந்த ஆய்வு அந்த வாசிப்பைத் திருத்தியது. ஒரே வீட்டில் கணவருக்கும் தொழில் இருந்தால், மனைவிக்கு வந்த பணம் கணவர் தொழிலுக்குப் போய்விடுகிறது. பெண்ணின் தொழில் மட்டுமே உள்ள வீட்டில் லாபம் ஆண்களுக்கு நிகராகவே கூடுகிறது. அவள் கைக்கு வந்த பணம் அவள் தொழிலில் தங்கவில்லை. குறை அவள் திறமையில் இல்லை.

தொழில் வளராததற்கு வீட்டின் முடிவுகள் ஒரு காரணம் என்றால், நேரம் இன்னொரு காரணம். 2024இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தை அடுப்படிக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் தொழில் நடத்துபவருக்குப் பயிற்சி முகாமுக்கு வா என்று காலை பத்து மணிக்கு அழைப்பு அனுப்பினால் எப்படி வருவார்?

துணை: தோழியோடு வந்தவள்

துணை என்ன செய்யும் என்பதை அகமதாபாத்தில் சேவா வங்கி வாடிக்கையாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. பெண்களுக்கு இரண்டு நாள் தொழில் பயிற்சி. சிலரைத் தனியாக அழைத்தார்கள். சிலரை ஒரு தோழியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். பாடம் ஒன்றே, பயிற்றுநரும் அதே ஆட்கள். எரிகா ஃபீல்ட், சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் நால்வரும் 2016இல் வெளியிட்ட முடிவு இது: தனியாக வந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தோழியோடு வந்தவர்கள் தொழிலுக்குக் கடன் எடுத்தார்கள், தொழிலைப் பெருக்கினார்கள், குடும்ப வருமானம் உயர்ந்தது. வெளியே போய்வரக் கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகத்துப் பெண்களிடம் இந்தப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது.

இதில் ஆச்சரியம் என்ன? நம் ஊரில் வங்கிக்கோ வட்டார அலுவலகத்துக்கோ போகும் பெண் ‘நீயும் வாயேன்க்கா’ என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார். பேருந்தில் துணை, அலுவலகத்தில் சாட்சி, திரும்பி வந்த பிறகு ‘அன்னைக்குச் சொன்னியே, ஆரம்பிச்சியா’ என்று கேட்கும் குரல் மூன்றும் அந்த ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. இந்தத் துணையைத் தருவதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு இணை யாரும் இல்லை. சுய உதவிக் குழுவின் பெரும் பலமும் இதுவே.

ஊக்கம்: கைக்கெட்டும் முன்மாதிரி

விழா மேடைகளில் கோடீஸ்வரப் பெண்மணிகளை அழைத்துப் பேச வைக்கிறோம். கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. வீட்டுக்குப் போனதும் அது வேறு உலகம் என்று தோன்றிவிடுகிறது. எந்தக் கதை ஒரு பெண்ணை மறுநாள் வேலைக்குக் கிளப்புகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

சென்னை மெரினா கடற்கரையில் தள்ளுவண்டியில் தொடங்கி உணவகங்கள் நடத்துமளவு வளர்ந்த பேட்ரீசியா நாராயண், 2010இல் இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பின் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருதைப் பெற்றவர். விருதைவிட மனதில் நிற்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன முதல் நாள் கதை. அன்று முழுவதும் விற்றது ஒரே ஒரு காப்பி. அழுதுகொண்டு வீடு திரும்பியவரை, ஒன்றாவது விற்றதே என்று தேற்றி மறுநாள் அனுப்பியவர் அவர் தாய். முதல் நாள் பலகாரம் விற்காமல் திரும்பிய எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதை பயன்படும். ஐம்பது கடை திறந்த கதை பயன்படாது.

சிலி நாட்டில் நடந்த ஓர் ஆய்வும் இதற்கு வலு சேர்க்கிறது. சிறுதொழில் பயிற்சி வகுப்பில், முன்பு அதே வகுப்பில் படித்து முன்னேறிய ஒருவரை ஒரு நாள் வரவழைத்துப் பேச வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த வகுப்பினரின் குடும்ப வருமானம் கூடியிருந்தது. ஆளுக்கு ஆள் நிபுணரை வைத்து ஆலோசனை தருவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கே இதற்கு ஆனது. வந்தவர் நட்சத்திரமல்ல, அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். ஊக்கம் தருபவர் கேட்பவரைவிட நாலைந்து படி மேலே நின்றால் போதும்.

ஆலோசனை: அடுத்த ஊர்க்காரியின் புத்தி

தொழில் ஆலோசனை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் ஐந்து கிலோ தட்டை சுடுகிறார். அரிசி மாவு, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 700 ரூபாய். கிலோ 200 வீதம் 1,000 ரூபாய்க்கு விற்கிறார். லாபம் 300 என்பது அவர் கணக்கு. கேஸ் 60, கவரும் லேபிளும் 50, கடைக்காரருக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் 150 என்று கழித்தால் நிற்பது 40 ரூபாய். ஐந்து மணி நேரம் அடுப்படியில் வெந்த உழைப்புக்கு இதுவே கூலி. விற்காமல் திரும்பி வந்த பாக்கெட்டில் சிக்கு வாடை அடித்தால் அந்த நாற்பதும் போச்சு.

இந்தக் கணக்கை அவருக்கு யார் சொல்லித் தருவது? பயிற்சி மையத்தில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறை சொல்லித் தருகிறார்கள். டொமினிக்கன் குடியரசில் ஒரு சோதனையில், சிலருக்கு முறையான கணக்கியல் பாடமும், சிலருக்கு எளிய பழக்கங்களும் கற்பித்தார்கள்: தொழில் பணம் ஒரு பெட்டியில், வீட்டுப் பணம் வேறு பெட்டியில், உனக்கு நீயே மாதச் சம்பளம் எடுத்துக்கொள், மற்றதைத் தொடாதே. 2014இல் வெளியான முடிவின்படி எளிய பழக்கம் கற்றவர்களே கணக்கில் தேறினார்கள்.

கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோராவில் சிறுதொழில் நடத்தும் இளம் பெண்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. ஒரு பகுதியினருக்கு வகுப்பறைப் பயிற்சி. இன்னொரு பகுதியினருக்கு அதே வட்டாரத்தில் நெடுநாள் தொழில் நடத்திய பெண் ஒருவரின் வழிகாட்டல். வகுப்பறையில் படித்தவர்களின் லாபம் கூடவில்லை. வழிகாட்டி கிடைத்தவர்களுக்கு லாபம் சராசரியாக 20 விழுக்காடு உயர்ந்தது. சரக்கை எங்கே மலிவாக வாங்கலாம் என்பது போன்ற உள்ளூர் விவரங்களே அதற்குக் காரணம். ஆனால் அந்த உறவு விட்டுப்போனதும் பலனும் கரைந்தது.

அப்படியென்றால் பக்கத்தில் அதே தொழில் செய்பவரிடமே கேட்டுக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். சீனாவின் நான்சாங் நகரில் 2,820 நிறுவனங்களை வைத்து நடந்த ஆய்வில், சிறு குழுக்களாக மாதம் ஒருமுறை ஓராண்டுக்குக் கூடிய நிறுவனங்களின் விற்பனை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடியது. கூடிப் பேசுவதே வளர்ச்சி தந்தது. ஆனால் ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்தவர்களிடையே முக்கியமான தகவல் கைமாறுவது குறைந்தது. இது மனித இயல்பு. ஒரே தெருவில் இரண்டு பேர் தட்டை சுட்டால், எண்ணெய் மொத்தக் கடையின் முகவரியை யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஊர்க்காரி தயங்காமல் சொல்வாள். அவள் வாடிக்கை வேறு.

நம் குழுக்களின் அமைப்புக் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. கடனுக்குப் பொறுப்பேற்க அண்டை அயலார்தான் சரி. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். தொழில் கற்கவோ அதே தொழிலில் வேற்றூரார் வேண்டும். நாமோ ஒரே தெருப் பெண்களைக் குழுவாக்கி, ஒரே பயிற்சியைக் கொடுத்து, ஒரே ஊறுகாயைப் போட வைத்து, ஒரே கண்காட்சியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார வைக்கிறோம். பிறகு சரக்கு போகவில்லை என்று கவலைப்படுகிறோம்.

வழிகாட்டும் முயற்சிகள்

நல்ல முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. 1983இல் பெங்களூரில் பெண் தொழில்முனைவோரே கூடி அவேக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். தொழில் நடத்திப் பழகியவர் புதிதாக வருபவருக்கு வழி சொல்வதே அதன் அடிப்படை. மகாராஷ்டிரத்தின் மஸ்வட்டில் சேத்னா சின்ஹா 1997இல் தொடங்கிய மான் தேசி மகளிர் வங்கிக்கு, உறுப்பினர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று முதலில் உரிமம் மறுக்கப்பட்டது. அந்தப் பெண்கள் எழுத்துக் கற்று மீண்டும் வந்து, வட்டியை மனக்கணக்காகச் சொல்கிறோம், கேளுங்கள் என்றார்கள். அதே அமைப்பு இன்று பேருந்திலேயே தொழில் பள்ளி நடத்துகிறது. பெண் பள்ளிக்குப் போக முடியாத ஊரில் பள்ளி பெண்ணைத் தேடிப் போகிறது.

தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு வந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டம், 31 மாவட்டங்களின் 120 வட்டாரங்களில் கடனோடு தொழில் ஆலோசனையையும் சேர்த்துத் தர முயன்றது. இணை மானியத்தில் கடனில் 30 விழுக்காடு மானியமாகக் கிடைத்தது. மதி சிறகுகள் தொழில் மையங்களில் திட்ட அறிக்கை, பதிவு, உரிமம், சந்தை பற்றி ஒரே இடத்தில் கேட்டுக்கொள்ள முடிந்தது. திசை சரியானது. ஆனால் இத்தகைய மையங்கள் திட்டக் காலத்தோடு முடிந்துவிடக் கூடாது. டண்டோராவின் பாடமே அதுதான்: உறவு அறுந்தால் பலன் கரையும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, இருக்கும் குழுக்களைக் கலைக்காமல், மாவட்ட அளவில் தொழில்வாரிக் கூடல்கள் அமைக்க வேண்டும். தையல்காரர்கள் தனி, பலகாரக்காரர்கள் தனி, ஆடு மாடு வளர்ப்பவர்கள் தனி. ஒரு கூடலில் ஒரே ஊரிலிருந்து இருவருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் குழுத் தோழி ஒருவரை அழைத்து வரலாம். பேருந்துச் செலவைக் குழுக்களின் கூட்டமைப்பு தர வேண்டும்.

இரண்டாவது, வழிகாட்டிகளாக ஓய்வுபெற்ற அதிகாரிகளை நியமிப்பதற்குப் பதில், அதே தொழிலில் ஐந்தாறு ஆண்டு நின்று பிடித்த பெண்களை அமர்த்த வேண்டும். அவர்களுக்கு மதிப்பூதியம் கட்டாயம். பெண்ணின் அறிவை மட்டும் சேவை என்ற பெயரில் இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. ஆறு மாதத்தில் கைவிடாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் அந்த உறவு நீடிக்க வேண்டும்.

மூன்றாவது, கூட்ட நேரத்தை அலுவலகம் முடிவு செய்யாமல் பெண்கள் முடிவு செய்ய வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். கைப்பேசியில் குரல் பதிவாகக் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வசதி, எழுதத் தயங்குபவருக்குப் பெரிய உதவி. நேரில் கண்டு பழகிய பிறகே அது பலன் தரும்.

நான்காவது, குழுவின் தீர்மான நோட்டில் தவணையோடு லாபத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். இந்த மாதம் எவ்வளவு விற்றது, கையில் எவ்வளவு நின்றது, எங்கே இடித்தது என்று ஆளுக்கு இரண்டு வரி. கேட்கப்படுகிறது என்று தெரிந்தாலே கணக்கு வைக்கும் பழக்கம் வந்துவிடும். இன்னாருக்குத்தான் உதவி தேவை என்பதும் தவணை தவறும் முன்பே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் பெரிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. கடனைத் திருப்பிக் கட்டுவதில் நாட்டுக்கே நம்பிக்கை ஊட்டியவர்கள் இந்தப் பெண்கள். அந்த நம்பிக்கையை வைத்து வங்கிகள் வளர்ந்தன, திட்டங்கள் வளர்ந்தன. அவர்கள் தொழிலும் வளர வேண்டும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஊருக்கு ஊர் கூட்டமைப்புகள் இருக்கின்றன, அனுபவம் முற்றிய பெண்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அவர்களையும் புதிதாகத் தொடங்குபவர்களையும் மாதம் ஒருமுறை ஒரே பாயில் உட்கார வைக்கும் பொறுப்பை மகளிர் திட்டமும் கூட்டமைப்புகளும் இந்த ஆண்டே ஏற்க வேண்டும்.